மழைக்குப் பிறகு பாதி சேனல்கள் மட்டும் "சிக்னல் இல்லை": டிஷ்ஷா, எல்.என்.பி.யா, கேபிளா?

மொட்டைமாடி (கேள்வி)

வணக்கம். 75 செ.மீ. ஆஃப்செட் டிஷ், ஒரே அவுட்புட் உள்ள யுனிவர்சல் எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கிக் கேபிளில் இறக்கும் சிறு கருவி). டிஷ்ஷிலிருந்து ரிசீவர் வரை சுமார் 30 மீட்டர் ஆர்.ஜி. 6 கேபிள். வழியில் வெளிச்சுவரில் ஒரு ஜாயின்ட், உள்ளே ஒரு சுவர் சாக்கெட். டைசெக் ஸ்விட்ச் (பல எல்.என்.பி.களில் ஒன்றைத் தேர்வது), சிக்னலைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் எதுவும் கிடையாது.

பலத்த காற்றோடு மழை பெய்து ஓய்ந்த பிறகு நிலைமை இது (முதல் எண் மெகாஹெர்ட்ஸில் அலைவரிசை; வெர்டிகல், ஹாரிசாண்டல் என்பவை அலை அதிரும் திசை, அதாவது போலரைசேஷன்):

10,970 வெர்டிகல்: ஸ்ட்ரென்த் 76, குவாலிட்டி 54
12,130 வெர்டிகல்: ஸ்ட்ரென்த் 74, குவாலிட்டி 51
11,090 ஹாரிசாண்டல்: ஸ்ட்ரென்த் 75, குவாலிட்டி 0
12,240 ஹாரிசாண்டல்: ஸ்ட்ரென்த் 73, குவாலிட்டி 0

முன்பு எல்லாவற்றிலும் குவாலிட்டி 70க்குப் பக்கத்தில் இருக்கும். இதே செயற்கைக்கோளை வேறு இடத்தில் பிடிப்பவர்களுக்கு எல்லாச் சேனலும் வருகிறது, ஆகவே ஒளிபரப்பில் மாற்றமில்லை. டிஷ் பக்கம் கேபிளைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: ஹாரிசாண்டல் சேனலில் 18.1 வோல்ட், வெர்டிகலில் 13.2 வோல்ட். மின்சாரம் சரியாக வருவதால் எல்.என்.பி.தான் போய்விட்டது என்று நினைக்கிறேன். புதிதாக வாங்கி மாட்டிவிடலாமா?

இன்னொன்று, இது மழைக்கு முன்பிருந்தே உள்ளது: 12,490 வெர்டிகலில் உள்ள சேனல்கள் மட்டும் எப்போதாவது கட்டம் கட்டமாக உடையும். சில நிமிடம் கழித்துத் தானே சரியாகிவிடும்.

நடுக்கம்பி

எல்.என்.பி. வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் கொடுத்த நான்கு வரியிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் ஸ்ட்ரென்த் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். எல்.என்.பி.க்கு மின்சாரம் போனாலே அது தன் இரைச்சலைக் கேபிளில் இறக்கும். ரிசீவர் அதையும் சேர்த்துத்தான் 75 என்று காட்டுகிறது. டிஷ்ஷைத் தரையைப் பார்த்துத் திருப்பினாலும் அந்த எண் பெரிதாக இறங்காது. பார்க்க வேண்டியது குவாலிட்டி மட்டுமே.

யுனிவர்சல் எல்.என்.பி. 10,700 முதல் 12,750 மெகாஹெர்ட்ஸ் வரை வருவதை நான்கு துண்டாகப் பிரித்து, ரிசீவர் கேட்கும் துண்டை மட்டும் கேபிளில் அனுப்புகிறது. 13 வோல்ட் வந்தால் வெர்டிகல், 18 வந்தால் ஹாரிசாண்டல். ரிசீவர் கேபிளில் அனுப்பும் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் இல்லாவிட்டால் 11,700க்குக் கீழ்ப்பட்டை, டோன் இருந்தால் மேல்பட்டை. கீழ்ப்பட்டையில் 9,750ஐயும் மேல்பட்டையில் 10,600ஐயும் கழித்தால் கேபிளில் உண்மையில் ஓடும் அலைவரிசை கிடைக்கும். அது 950க்கும் 2,150க்கும் இடையில் இருக்கும்.

ஆகவே எது காணாமல் போகிறது என்பதே பழுது எங்கே என்று காட்டிவிடும். 11,700க்கு மேலே உள்ள அனைத்தும், இரண்டு போலரைசேஷனிலும் போனால் டோன் போய்ச்சேரவில்லை, அல்லது ரிசீவர் மெனுவில் எல்.என்.பி. வகை தவறாக மாறியிருக்கிறது. இரண்டு பட்டையிலும் உச்சியில் இருப்பவை மட்டும் போனால் (11,600ஐத் தாண்டியவை, 12,600ஐத் தாண்டியவை) கேபிள் இழப்பு அதிகமாகிவிட்டது. 30 மீட்டர் ஆர்.ஜி. 6இல் 950இல் சுமார் 6 டெசிபெல்தான் போகும், 2,150இல் 9, 10 போகும். கேபிளுக்குள் ஈரம் ஏறினால் முதலில் அடிவாங்குவது உச்சிப் பக்கம்தான்.

உங்களுக்குப் போயிருப்பது ஹாரிசாண்டல் மட்டும், அதுவும் இரண்டு பட்டையிலும். காரணம் இரண்டில் ஒன்று. 18 வோல்ட் எல்.என்.பி.யைச் சென்றடையவில்லை, அல்லது எல்.என்.பி.க்குள் ஹாரிசாண்டல் பக்க டிரான்சிஸ்டர் செத்துவிட்டது.

"18.1 வோல்ட் வருகிறதே" என்பீர்கள். அங்கேதான் சிக்கல். கேபிளைக் கழற்றி, எதுவும் மாட்டாத முனையில் மல்டிமீட்டர் வைத்தால் மின்னோட்டமே கிட்டத்தட்ட இருக்காது. மின்னோட்டம் இல்லாதபோது இணைப்பு எவ்வளவு கெட்டிருந்தாலும் முழு வோல்ட்டும் தெரியும். எல்.என்.பி. மாட்டியதும் அது 100 முதல் 200 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். அப்போதுதான் களிம்பேறிய ஜாயின்டில் வோல்ட் சரியும். சரிந்து 14, 15க்கு வந்துவிட்டால் எல்.என்.பி. அதை 13 என்றே எடுத்துக்கொண்டு வெர்டிகலிலேயே நிற்கும். நீங்கள் ஹாரிசாண்டல் கேட்கிறீர்கள், அது வெர்டிகலை அனுப்புகிறது. அதனால்தான் ஸ்ட்ரென்த் குறையாமல் குவாலிட்டி பூஜ்யம்.

சரியாக அளக்க 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும். ரிசீவரை அணைத்துவிட்டு, டிஷ் பக்க முனையில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் (நடுக்கம்பியைச் சுற்றியுள்ள உலோகக் கம்பி வலை) நடுவே ரெசிஸ்டரை மாட்டுங்கள். பிறகு ரிசீவரைப் போட்டு, ஹாரிசாண்டல் சேனல் வைத்து, ரெசிஸ்டரின் இரு காலிலும் அளவிடுங்கள். 18 வோல்ட்டில் அது 180 மில்லிஆம்பியர் இழுக்கும், ஒரு எல்.என்.பி. இழுக்கும் அளவுதான். மூன்று வாட்டுக்கு மேல் சூடாகும் என்பதால் கையில் பிடிக்காதீர்கள். கால் வாட் ரெசிஸ்டர் என்றால் உடனே கருகும். நடுக்கம்பியும் பின்னலும் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

17 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கேபிள் குற்றவாளி இல்லை. 16க்குக் கீழே இறங்கினால் வழியில் ஏதோ ஒரு இணைப்பு கெட்டிருக்கிறது. கேபிள் நீளத்தை மட்டும் குறைசொல்ல முடியாது: முழுச் செம்பு நடுக்கம்பி என்றால் 30 மீட்டருக்கு அரை ஓமுக்குச் சற்று மேல், செம்பு பூசிய எஃகுக் கம்பி என்றால் சுமார் 3 ஓம். அந்த 3 ஓமில் அரை வோல்ட்தான் போகும். உங்கள் கேபிள் எந்த வகை என்று தெரிய, நடுக்கம்பியில் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள்.

ரெசிஸ்டர் கிடைக்காவிட்டால் இதைவிட எளிய சோதனை உண்டு. ரிசீவரையும் ஒரு சிறிய டிவியையும் டிஷ்ஷுக்கு அருகே கொண்டுபோய், 2 மீட்டர் புதுக் கேபிளில் நேராக எல்.என்.பி.யில் மாட்டுங்கள். ஹாரிசாண்டல் வந்துவிட்டால் எல்.என்.பி. நல்லது. வராவிட்டால் மட்டுமே கடைக்குப் போங்கள். ஈரமான கூரையில், மின்கம்பி பக்கத்தில் ஓடும் இடத்தில் இதைச் செய்ய வேண்டாம்; காயட்டும்.

பரவளையம்

நடுக்கம்பி சொன்னது ஹாரிசாண்டலுக்குச் சரி. ஆனா வெர்டிகல்ல 70லேர்ந்து 54க்கு இறங்கினதுக்கு வோல்ட் காரணம் ஆகாது. காத்து அடிச்சிருக்கு, அதனால டிஷ் நகர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ரெண்டு பழுது ஒண்ணா வந்திருக்கு; ஒண்ணைச் சரி பண்ணிட்டு அதோட விட்டுடாதீங்க. இப்ப 54 போதும்போலத் தெரியும், அடுத்த மழைக்கு எச்.டி. சேனல் மொத்தமும் போயிடும்.

ஏன் எச்.டி. முதல்ல போகுதுன்னா, டி.வி.பி.-எஸ்2ங்கிற ஒளிபரப்பு முறையில தகவலை அலையில ஏத்தற வகை பல இருக்கு. கியூ.பி.எஸ்.கே. 3/4 வகைக்குச் சிக்னல் இரைச்சலைவிட சுமார் 4 டெசிபெல் மேல இருந்தாலே போதும். எச்.டி. சேனல் பெரும்பாலும் வர்ற 8 பி.எஸ்.கே. 3/4 வகைக்கு 8 டெசிபெல் வேணும். 75 செ.மீ. டிஷ்ஷோட கற்றை அகலம் 12 கிகாஹெர்ட்ஸ்ல 2.3 டிகிரி மாதிரி. ஒரு டிகிரி விலகினாலே 2 டெசிபெல்லுக்கு மேல போச்சு. மழைக்குன்னு வெச்சிருந்த மிச்சம் அதுலயே கரைஞ்சிடும்.

ஒரு டிகிரின்னா எவ்வளவுன்னு கண்ணுக்குத் தெரியணும். 42 மில்லிமீட்டர் குழாய்ல கிளாம்ப் ஒரு டிகிரி திரும்பினா, குழாய் மேல அது வெறும் 0.37 மில்லிமீட்டர். நகக்கீறல் அளவு. "டிஷ் அசையவே இல்லை, பார்த்தேன்"னு யார் சொன்னாலும் அதை நான் எடுத்துக்கவே மாட்டேன். கண்ணால அதைப் பார்க்க முடியாது.

நட்டைத் தொடறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க.

கம்பம் செங்குத்தா இருக்கா? ரசமட்டத்தை ஒரு பக்கம் வெச்சுப் பார்த்துட்டு, 90 டிகிரி தள்ளி இன்னொரு பக்கமும் வெச்சுப் பாருங்க. 60 செ.மீ. உயரக் கம்பம் மேல் நுனியில 1 செ.மீ. சாஞ்சா ஒரு டிகிரி போச்சு. கம்பமே சாஞ்சிருந்தா முதல்ல அதைத்தான் நிமிர்த்தணும், அடியில ஆங்கர் போல்ட்டை இறுக்கணும். சாஞ்ச கம்பத்துல டிஷ்ஷைத் திருப்பினா பக்கவாட்டுக் கோணம் மாறும்போது உயரக் கோணமும் சேர்ந்து மாறும், பிடிக்கவே முடியாது.

டிஷ் வளைஞ்சிருக்கா? விளிம்புல எதிரெதிர்ப் பக்கத்துல ஒரு நூலை இழுத்துக் கட்டுங்க, அதுக்குக் குறுக்கா இன்னொண்ணு. ரெண்டும் நடுவுல தொட்டும் தொடாம இருந்தா நல்லது. இடைவெளி தெரிஞ்சா தட்டு முறுகியிருக்கு. நூலை மேல கீழ மாத்தி ஒரு தடவை பார்த்துக்குங்க, ஒண்ணு மேல ஒண்ணு அழுத்தி உண்மையை மறைச்சிடும். 12 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளமே 25 மில்லிமீட்டர்தான். அதனால சில மில்லிமீட்டர் வளைவே உறைக்கும். கையால நிமிர்த்தின தட்டு பழைய வடிவத்துக்கு வராது, மாத்திடறதுதான் நல்லது.

எல்.என்.பி. மூக்குல இருக்கிற பிளாஸ்டிக் மூடி விரிசல் விட்டிருக்கா, உள்ள தண்ணி, பூச்சிக்கூடு ஏதாவது இருக்கா? மூடி போன எல்.என்.பி.யைக் காய வெச்சா ஓடும், ஆனா கொஞ்ச நாள்தான்.

இது மூணும் சரியா இருந்தாத்தான் திசை திருப்பற வேலை. மார்க்கர்ல கிளாம்ப்புக்கும் குழாய்க்கும் குறுக்கே ஒரு கோடு போட்டுக்குங்க, வழி தவறினா திரும்பி வர. பக்கவாட்டு நட்டுகளை மட்டும் தளர்த்துங்க, அதுவும் டிஷ் கையால தள்ளினா கனமாத் திரும்பற அளவுக்கு மட்டும். உயரக் கோணத்து போல்ட்டைத் தொடாதீங்க. ரெண்டையும் ஒண்ணாத் தளர்த்தினா செயற்கைக்கோளையே தொலைச்சிடுவீங்க.

உச்சத்தைத் தேடாதீங்க. உச்சி தட்டையா இருக்கும், 68க்கும் 70க்கும் நடுவுல கை ஆடிக்கிட்டே இருக்கும். அதுக்குப் பதிலா இடது பக்கம் தள்ளிக்கிட்டே போய் குவாலிட்டி 40க்கு இறங்கற இடத்துல கோடு போடுங்க. பிறகு வலது பக்கம் போய் அதே 40 வர இடத்துல இன்னொரு கோடு. ரெண்டுக்கும் சரிபாதியில நிறுத்துங்க. ஒவ்வொரு அசைவுக்கும் அரை மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம், அசைச்ச பிறகு ரெண்டு மூணு விநாடி காத்திருங்க. ரிசீவர் காட்டற எண் தாமதமாத்தான் மாறும். பக்கவாட்டை இறுக்கின பிறகு உயரக் கோணத்துக்கும் இதே முறை.

கடைசியா எல்.என்.பி.யோட முறுக்குக் கோணம். காத்துல அதுவும் திரும்பியிருக்கலாம். பிடிப்பானைத் தளர்த்தி அஞ்சு டிகிரி அந்தப் பக்கம், இந்தப் பக்கம் திருப்பி, இதுவும் நடுவைப் பிடிக்கிற முறையிலயே நிறுத்துங்க. வெர்டிகல் நல்லா வந்து ஹாரிசாண்டல் மோசமா இருந்தா, அல்லது தலைகீழா இருந்தா, இதுலதான் கவனம் வைக்கணும். வட்டப் போலரைசேஷன் (அலை சுழன்றுக்கிட்டே வர்ற வகை) சேனல்னா முறுக்குக் கோணம் தேவையே இல்லை.

இறுக்கும்போதுதான் நிறைய பேர் வேலையைக் கெடுத்துக்கறாங்க. ஒரு நட்டை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா டிஷ் அந்தப் பக்கம் இழுத்துக்கும். கால் சுத்து இங்கே, கால் சுத்து அங்கே, மாத்தி மாத்தி. கண் திரையில இருக்கட்டும். ரெண்டு எண் இறங்கினாலும் நிறுத்திட்டுத் திரும்பத் தளர்த்துங்க.

மொட்டைமாடி

இரண்டு பேருக்கும் நன்றி. செய்து பார்த்தவை:

2 மீட்டர் கேபிளில் நேரடியாக மாட்டியதும் 11,090, 12,240 இரண்டும் குவாலிட்டி 52, 53 காட்டின. எல்.என்.பி. நல்லது.

100 ஓம் ரெசிஸ்டரோடு டிஷ் முனையில் 14.2 வோல்ட், ரிசீவர் பக்கம் 18.1. வெளிச்சுவர் ஜாயின்டைத் திறந்தால் உள்ளே பச்சை. நடுக்கம்பியில் காந்தம் ஒட்டுகிறது. சுவர் சாக்கெட் உலர்ந்தே இருக்கிறது.

கம்பம் நேராக இருக்கிறது, நூலும் தொடுகிறது. கிளாம்ப்பைப் பரவளையம் சொன்ன முறையில் நடுவுக்குக் கொண்டுவந்ததும் வெர்டிகல் 71 ஆகிவிட்டது.

ஜாயின்டை எப்படி நிரந்தரமாகச் சரிசெய்வது? இன்சுலேஷன் டேப் சுற்றித்தான் இருந்தது. சிக்னல் பூஸ்டர் ஒன்று போட்டால் பாதுகாப்பாக இருக்குமா?

நடுக்கம்பி

3.9 வோல்ட் இழப்பு, 142 மில்லிஆம்பியரில். கணக்குப் போட்டால் 27 ஓம். கேபிளுக்கு உரியது பின்னலையும் சேர்த்து நான்கு ஓமுக்குள், மிச்சம் முழுவதும் அந்தப் பச்சை. இதில் இன்னொன்றும் தெரிகிறது: வெர்டிகலில் 13.2 என்பதும் எல்.என்.பி.க்கு வரும்போது 10க்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். எல்.என்.பி.க்குள் இருக்கும் ரெகுலேட்டர் அதைவிடக் குறைந்த வோல்ட்டைத்தான் பாகங்களுக்குக் கொடுக்கிறது என்பதால் ஓடிக்கொண்டிருந்தது, விளிம்பில். இன்னும் கொஞ்சம் களிம்பு ஏறியிருந்தால் எல்லாமே போயிருக்கும்.

பூஸ்டர் வேண்டாம். டிஷ்ஷில் விழும் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை அது கூட்டாது, இரண்டையும் சேர்த்துப் பெருக்கும், மழையில் எந்த உதவியும் கிடைக்காது. கேபிள் 40, 50 மீட்டரைத் தாண்டும்போது அதன் இழப்பை ஈடுகட்ட மட்டுமே பயன்படும், அதுவும் எல்.என்.பி. பக்கத்தில் போட்டால். குறைந்த நீளத்தில் போட்டால் ரிசீவரின் டியூனர் திணறி இருக்கிற சேனலும் போகும். விகிதம் வேண்டுமென்றால் பெரிய தட்டு ஒன்றே வழி: 60 செ.மீ.யிலிருந்து 90க்குப் போனால் மூன்றரை டெசிபெல் கிடைக்கும். இரைச்சல் 0.3க்குப் பதில் 0.1 டெசிபெல் என்று அச்சிட்ட எல்.என்.பி. வாங்குவதில் அந்தப் பலன் இல்லை.

ஜாயின்ட் பற்றிக் கூரைவேலை விவரமாகச் சொல்வார்.

கூரைவேலை

முடிந்தால் ஜாயின்டே இல்லாமல் ஒரே துண்டுக் கேபிளாக மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் ஜாயின்டை மழை படாத இடத்துக்கு நகர்த்துங்கள். இரண்டும் முடியாதென்றால் கீழ்க்கண்டபடி.

பழைய கனெக்டருக்குப் பின்னால் கேபிளை வெட்டி, உறையை உரித்துப் பின்னலைப் பாருங்கள். மங்கலாகவோ கறுத்தோ இருந்தால் இன்னும் 10 செ.மீ. வெட்டுங்கள். பளபளப்பான பின்னல் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். உறைக்குள் புகுந்த தண்ணீர் பின்னல் வழியே ஊறி ஒரு மீட்டர்கூடப் போயிருக்கும். இந்த இடத்தில் சிக்கனம் பார்த்து ஈரக் கேபிளிலேயே புதுக் கனெக்டர் மாட்டினால் வோல்ட் சரியாகும், ஆனால் உச்சி அலைவரிசைகள் தொடர்ந்து தேயும்.

எஃப் கனெக்டர் (கேபிள் முனையில் மாட்டும் உலோகத் தலை) கம்ப்ரெஷன் வகையாக, அதாவது கருவியால் அழுத்திப் பொருத்துவதாக, இருக்கட்டும். திருகி ஏற்றும் வகை வெளியிடத்துக்கு ஆகாது, அதன் பின்பக்கம் தண்ணீருக்குத் திறந்த வாசல். நுனியில் 6 மில்லிமீட்டருக்கு நடுக்கம்பி மட்டும் தெரிய வேண்டும், அதற்குப் பின்னால் இன்னொரு 6 மில்லிமீட்டருக்கு வெளி உறையை மட்டும் நீக்கிப் பின்னலைப் பின்னால் மடிக்க வேண்டும். வெள்ளை நுரைப் பகுதியை ஒட்டிய அலுமினியத் தாளைக் கிழிக்காதீர்கள். கனெக்டரைத் தள்ளும்போது வெள்ளை நுரை கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக வந்து நிற்க வேண்டும். அதுவரை வரவில்லை என்றால் இன்னும் அழுத்துங்கள். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். குறைந்தால் எதிர்ப்பக்கக் கவ்வியில் சரியாகப் பிடிக்காது, நீண்டால் கவ்வியை வளைத்துவிடும். பின்னலின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ரிசீவர் "எல்.என்.பி. ஷார்ட்" என்று சொல்லி மின்சாரத்தை நிறுத்திவிடும், ஆகவே கண்ணாடி வைத்தாவது பாருங்கள்.

நடுக்கம்பி செம்பு பூசிய எஃகு என்று சொல்கிறீர்கள். அதைக் கத்தியால் சுரண்டாதீர்கள். செம்புப் பூச்சு போனால் எஃகு துருப்பிடிக்கும், தவிர உயர் அலைவரிசை முழுவதும் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடுகிறது. ஒட்டியிருக்கும் நுரையை விரல் நகத்தால் எடுங்கள்.

இரண்டு கனெக்டரையும் சேர்க்கும் இணைப்பானில் 2,150 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். சாதாரண ஆன்டெனா இணைப்பான் வேண்டாம். கையால் திருகி முடித்த பிறகு ஸ்பானரில் ஒரு கால் சுற்றுக்கும் குறைவாக.

இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை விட்டு நழுவும், உள்ளே போன தண்ணீரை வெளியே விடாது. தானே தன்னோடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் வாங்குங்கள். அகலம் பாதியாகும் அளவுக்கு இழுத்து, கீழிருந்து மேலே, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடுமாறு சுற்ற வேண்டும். ஓடு வேய்வதுபோல, மேல் அடுக்கு கீழ் அடுக்கின் மீது ஏறியிருந்தால் தண்ணீர் வழிந்து போய்விடும். கனெக்டருக்கு இருபுறமும் 3, 4 செ.மீ. கேபிள் உறையையும் சேர்த்து மூடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகானை எக்காரணம் கொண்டும் பூசாதீர்கள். அதிலிருந்து வெளியேறும் அமிலம் செம்பை அரிக்கும், இப்போது பார்த்த பச்சை அதனாலேயே திரும்ப வரும். நடுநிலை வகைச் சிலிகான் பரவாயில்லை.

இணைப்பானுக்கு முன்னால் கேபிளை 15 செ.மீ. கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும். எல்.என்.பி. அருகிலும், கேபிள் சுவரைத் துளைத்து உள்ளே போகும் இடத்திலும் இதே வளைவு வேண்டும். கேபிளை 7 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக மடக்காதீர்கள்.

இரண்டாம்அறை

இதே மாதிரி ஒரு குழப்பம் எனக்கும் இருக்கு. எனக்கு நேர் எதிர்: வெர்டிகல் சேனல்தான் போகுது, ஹாரிசாண்டல் வருது. அதுவும் எப்பவும் இல்ல, பக்கத்து அறையில இன்னொரு டிவி ஓடும்போது மட்டும். ஒரே எல்.என்.பி., ஸ்ப்ளிட்டர் போட்டு ரெண்டு ரிசீவர். இதுவும் ஜாயின்ட் பிரச்சினையா?

நடுக்கம்பி

இல்லை, உங்கள் இணைப்பெல்லாம் நன்றாக இருக்கிறது. ஒற்றை அவுட்புட் எல்.என்.பி. ஒரு நேரத்தில் ஒரு துண்டை மட்டுமே தரும். ஸ்ப்ளிட்டரின் இரண்டு பக்கமும் வோல்ட் ஏறினால் உயர்ந்த வோல்ட்தான் வெல்லும். பக்கத்து அறையில் ஹாரிசாண்டல் சேனல் ஓடினால் 18 வோல்ட் வருகிறது, நீங்கள் கொடுக்கும் 13 எடுபடுவதில்லை. டோனும் அப்படியே: அங்கே மேல்பட்டை பார்த்தால் உங்களுக்குக் கீழ்ப்பட்டை போகும். ஸ்ப்ளிட்டரை மாற்றிப் பயனில்லை. இரட்டை அவுட்புட் எல்.என்.பி. மாட்டி, ஒவ்வொரு ரிசீவருக்கும் தனிக் கேபிள் இழுங்கள்.

பரவளையம்

இன்னொரு வகையும் இருக்கு, குழப்பிக்காம இருக்கச் சொல்றேன். வெயில் ஏறினா சில சேனல் போய், ராத்திரி திரும்பி வந்தா, அது எல்.என்.பி.யோட உள் ஆசிலேட்டர் (கழிக்கிற 9,750, 10,600ஐ உண்டாக்கற பகுதி) வெப்பத்துல நகர்றதுனால. சிம்பல் ரேட் (விநாடிக்கு அனுப்பற குறிகளோட எண்ணிக்கை) குறைஞ்ச சேனல்தான் முதல்ல போகும், ஏன்னா அதோட அகலமே சில மெகாஹெர்ட்ஸ்தான், கொஞ்சம் நகர்ந்தாலும் டியூனர் கையை விட்டுப் போயிடும். அந்தச் சேனலோட அலைவரிசையை மெனுவில 2, 3 மெகாஹெர்ட்ஸ் ஏத்தி இறக்கிப் பாருங்க. அப்படிப் பிடிச்சா இதுதான் காரணம், எல்.என்.பி.யைத்தான் மாத்தணும்.

வருஷத்துல ரெண்டு தடவை, பகலும் இரவும் சமமா வர்ற நாட்களை ஒட்டி, தினமும் ஒரே நேரத்துல சில நிமிஷம் மட்டும் போனா அது சூரியன் செயற்கைக்கோளுக்குப் பின்னால வர்றது. சில நாள்ல தானே போயிடும், எதையும் தொடாதீங்க.

மொட்டைமாடி

கேபிளை 40 செ.மீ. வெட்டிய பிறகுதான் சுத்தமான பின்னல் வந்தது. புது கனெக்டர், புது இணைப்பான், ரப்பர் டேப் எல்லாம் ஆயிற்று. ரெசிஸ்டரோடு 17.4 வோல்ட். ஹாரிசாண்டல் 69, வெர்டிகல் 71.

மிச்சம் 12,490 மட்டும். குவாலிட்டி 70 காட்டும்போதே திடீரென்று 20க்கு விழுந்து உடைகிறது, பிறகு திரும்புகிறது. மழை, வெயில், நேரம் எதனோடும் தொடர்பு தெரியவில்லை. பக்கத்தில் உள்ள 12,440, 12,540 இரண்டும் அசையாமல் இருக்கின்றன.

நடுக்கம்பி

12,490இலிருந்து 10,600ஐக் கழியுங்கள்: 1,890. கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகளில் டெக்ட் வகை 1,880 முதல் 1,900 வரைதான் இயங்குகிறது. உங்கள் வீட்டிலோ சுவருக்கு அந்தப் பக்கமோ அப்படி ஒன்று இருக்கும். வானத்திலிருந்து வருவதில் குறையில்லை, தொலைபேசியின் அலை வீட்டுக்குள் கேபிளில் புகுகிறது. பக்கத்து அலைவரிசைகள் 1,840, 1,940 என்பதால் தப்பித்துக்கொள்கின்றன. கீழ்ப்பட்டையில் இதற்கு இணையானது 11,640. அங்கே ஒரு சேனல் இருந்தால் அதுவும் இதே நேரத்தில் உடைகிறதா பாருங்கள், அதுவே உறுதியான சாட்சி.

அடித்தளக் கருவி சும்மா இருக்கும்போதும் அவ்வப்போது அலை அனுப்பும், கையில் பிடித்துப் பேசும் ஹேண்ட்செட் பேசும்போது மட்டும் அனுப்பும். உங்களுக்கு எப்போதாவது மட்டும் உடைவதால், யாரோ ரிசீவர் பக்கத்தில் நின்று பேசும்போது நடக்கிறது என்று தோன்றுகிறது. டிஷ் ரிசீவரின் பின்பக்கம் ஹேண்ட்செட்டைப் பிடித்து ஓர் அழைப்பு போட்டுப் பாருங்கள்.

புகும் வாசல் பெரும்பாலும் சுவர் சாக்கெட். உலோகக் கவசம் இல்லாத பழைய சாக்கெட்டில் கேபிளின் நடுக்கம்பி 2, 3 செ.மீ. திறந்தபடி திருகில் மாட்டியிருக்கும், அந்தத் துண்டே ஆன்டெனாவாக வேலை செய்யும். சாக்கெட்டைத் தவிர்த்துவிட்டு, கேபிளை நேராக ரிசீவரில் மாட்டிப் பாருங்கள். உடைவது நின்றால், எஃப் கனெக்டரும் முழு உலோக உறையும் உள்ள சாக்கெட் போடுங்கள், அல்லது சாக்கெட்டே இல்லாமல் விட்டுவிடுங்கள். சாக்கெட்டிலிருந்து ரிசீவருக்குப் போகும் குட்டிக் கேபிளையும் சந்தேகப்படுங்கள்: வார்த்த முனை உள்ள மலிவான கேபிள்களில் பின்னல் மிக மெல்லியது. அலுமினியத் தாளும் அடர்த்தியான பின்னலும் உள்ள ஆர்.ஜி. 6இல் நீங்களே கம்ப்ரெஷன் கனெக்டர் மாட்டிச் செய்துகொள்ளுங்கள். தொலைபேசியின் அடித்தளக் கருவியை ரிசீவரிலிருந்தும் கேபிள் பாதையிலிருந்தும் 2, 3 மீட்டர் தள்ளி வைப்பதும் உதவும். சுவருக்கு அந்தப் பக்கத்துத் தொலைபேசி என்றால் அதை நகர்த்தச் சொல்ல முடியாது, சாக்கெட்டும் குட்டிக் கேபிளும்தான் உங்கள் கையில் இருப்பவை.